பதினான்கு டிகிரி

மெயினை அணைத்துவிட்டு
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
நான்தான் அதைக் கழற்றினேன்.
இயெஸ்டினுக்கு வயர் என்றால் பயம்.
ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு
"நிச்சயமா அணைச்சிட்டியா, டெலித்?" என்று
மூன்று தடவை கேட்டான்.

வீட்டோடு வந்த டைமர்.
சிவப்பு ஊசி பாய்லரை எழுப்பும்,
நீல ஊசி தூங்கப் போடும்,
அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது.
கரண்ட் போகும்போதெல்லாம் கொஞ்சம் பின்தங்கி
கடைசியில் எங்களைவிட ஐம்பது நிமிடம் தாமதமாக
வாழ்ந்துகொண்டிருந்தது.
நாங்கள் கடிகாரத்தைத் திருத்தவில்லை,
ஊசிகளை இடம் மாற்றினோம்.
மார்ச்சில் ஒரு மணி, அக்டோபரில் ஒரு மணி
கூட்டியும் கழித்தும்
மனக்கணக்கில் குளிர் காய்ந்தோம்.

கழற்றிய இடத்தில்
யாரோ எப்போதோ ஒட்டிய ஆரஞ்சுப் பூத்தாள்,
உள்ளங்கை அளவு, வெயிலே படாதது.
அதன்மேல் புதியதைத் திருகினேன்.
ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்:
சோப்புக்கட்டி மாதிரி வெள்ளை, வழவழப்பு,
வாய் மட்டும் ஓயவில்லை.
வைஃபை பாஸ்வேர்டு என்ன?
வீட்டில் எத்தனை பேர்?
காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்?
நான் "எட்டு" என்று தட்டினேன்.
இயெஸ்டின் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்து,
"போடு, ஏழு இருபது" என்றான்.
"எப்பவும் போல" என்று
கொஞ்சம் கழித்துச் சேர்த்தான்.

மூன்றாவது வாரம், செவ்வாய், பதினொரு மணி.
கண்ணாடிக் கடை கவுண்டரில் நான்.
மிஸஸ் ப்ரதரோ ஒன்பதாவது ஃபிரேமை
மூக்கில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.
மேஜைக்கடியில் போனைத் திறந்தேன்,
சும்மாதான், புது பொம்மை.
கூடம்: பதினான்கு டிகிரி.
நடமாட்டம்: ஆறு நிமிடம் முன்பு.

திருடன் என்றுதான் முதலில் நினைத்தேன்.
திருடன் அரைமணிக்கு ஒருதரம்
சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பானா?
விரலால் பின்னோக்கித் தள்ளினேன்.
திங்கள். வெள்ளி. வியாழன்.
ஏழு இருபதுக்கு ஒருவர் கிளம்புகிறார்.
எட்டு மணிக்கு நான்.
என் பஸ் வளைவு திரும்பியதும்
எட்டே காலுக்கு ஒருவர் திரும்பி வருகிறார்.
பொருத்திய வாரத்தின் திங்கள்வரை
ஒரே கோடு.

மூக்குக்கே தெரிந்திருக்க வேண்டும்.
ஃபர்னிச்சர் ஆலையின் பசை வாடை
அவன் ஜாக்கெட்டில் இல்லை, கிறிஸ்துமஸிலிருந்தே.
டிபன் டப்பா மட்டும்
தினமும் காலியாகி வந்தது.

பதினான்கு டிகிரியில்
ஒரு மனிதன் நாள் முழுக்க என்ன செய்வான்?
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பான்.
ஹீட்டரைத் தொட்டிருக்கவே இல்லை:
பில் காட்டிக்கொடுக்கும் என்றா,
பில்லைக் கட்ட முடியாது என்றா?

அவன் எண்ணை அழுத்தினேன்,
மணி அடிக்குமுன் வெட்டினேன்.
"இது எனக்கு எடுப்பா இருக்கா?" என்றார் மிஸஸ் ப்ரதரோ.
"இதுதான்" என்றேன் பார்க்காமலே.
கட்டைவிரலால் அம்புக்குறியை அழுத்தினேன்,
பதினைந்து, பதினாறு,
பத்தொன்பதில் நிறுத்தினேன்.
சின்னதாக ஒரு தீச்சுடர்ப் படம் எரிந்தது.

ஒன்பது மைல் தள்ளி, மலைச்சரிவு வீதியில்,
பாய்லர் தொண்டையைச் செருமியிருக்கும்.
குழாய்கள் முறுக்கிச் சோம்பல் முறித்திருக்கும்.
அவன் தலை நிமிர்ந்திருப்பான்.
செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு
எங்கள் வீடு ஒருநாளும் சூடானதில்லை.
அது அவனுக்குத் தெரியும்.

பழைய டைமர் இப்போது இழுப்பறையில்,
தீர்ந்த பேட்டரிகளுக்கும்
எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவிகளுக்கும் நடுவில்.
ஏழு இருபதுக்கு நிம்மதியாக அணைந்திருக்கும் அது.
எதையும் பார்த்திருக்காது.
அதுவே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது,
சொல்ல முடியவில்லை.

மாலை ஐந்து நாற்பதுக்கு, எப்பவும் போல,
கதவைத் திறந்து உள்ளே வந்தான்.
ஒரு பூட்ஸைக் கழற்றினான்.
"வீடு கதகதன்னு இருக்கு" என்றான்
என்னைப் பார்க்காமல்.
"நாளைக்கும் இருக்கும்" என்றேன்.
இன்னொரு பூட்ஸின் கயிற்றைப் பிடித்தபடி
குனிந்தவன் குனிந்தே நின்றான்.