கறை படியாத கைகள்

வெள்ளி உப்பு உடனே காட்டிக்கொடுக்காது.
வியாழன் மாலை விரலில் பட்டது
தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.
துடைத்துவிட்டுப் பேருந்து ஏறலாம், ரொட்டி வாங்கலாம்.
மறுநாள் வெளிச்சம் பட்டதும்
பழுப்பாகி, பிறகு கறுத்து
பத்து நாள் கூடவே இருக்கும்.

வல்திவியாவில் மழை தொடங்கி மூன்றாம் வாரம்.
கையுறைப் பெட்டி காலி.
பியூரெட் திருகுகள் எல்லாம் இறுகிக் கிடந்தன.
ஆற்று நீரில் எவ்வளவு உப்பு?
முதலாண்டு வேதியியல், ஆறாம் சோதனை.
திங்களன்று எலியெசெர் கேனில் மொண்டு வந்த நீர்
எல்லா மேசைக்கும் பொது.

எல்லா மேசைக்கும் என்றா சொன்னேன்?
மூன்றாம் மேசை லிகாரயேன்
கழுவிய சோடா பாட்டிலில் தன் நீரைக் கொண்டு வந்திருந்தாள்.
நான் கவனிக்கவில்லை.
சாவிக்கொத்தும் மதிப்பெண் தாளுமாக நடந்துகொண்டிருந்தேன்.

மஞ்சள் கரைசலில் சொட்டு விழும்.
வெள்ளையாய்த் திரிந்து மோர் போலாகும்.
ஒரு கணம் சிவக்கும், குடுவையைச் சுழற்றினால் மறையும்.
மறையாமல் நிற்கிற முதல் சிவப்பில்
திருகை மூட வேண்டும்.
அவள் முதல் முறை தவறவிட்டாள்:
செங்கல் கரைத்த தண்ணீர்.
இரண்டாம் முறை தும்மல்.
மூன்றாம் முறை மற்றவர்கள் குடை விரித்துப் போய்விட்டார்கள்.

அன்றிரவு பதினெட்டு அறிக்கை திருத்தினேன்.
19.3
19.3
19.3
பள்ளிப் பிரார்த்தனை போல ஒரே குரல்.
நடுவில் ஒன்று மட்டும் 6.4.
'தவறு. மறுபடி செய்' என்று
சிவப்பில் எழுதி மூடினேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில்
பேனா பிடித்த விரல்களைப் பார்த்தேன்.
பாஸ்தியானுக்கு நகக்கண் வரை கறுப்பு.
பின்வரிசை எமெர்சனுக்குக் கட்டைவிரலில் ஒரு பொட்டு.
மற்றபடி
வரிசை வரிசையாகப் பால் போன்ற கைகள்.
கறை படியாத கை என்று
நல்லவர்களைச் சொல்வோமே,
அந்தக் கைகள்.
லிகாரயேனுக்கு
மூன்று விரல், உள்ளங்கை, பிறகு மூக்கு நுனி.
தும்மல் ஞாபகம் வந்தது.

அறைக்கு வந்து அவள் அறிக்கையைத் திருப்பினேன்.
நேற்று நான் தாண்டிப்போன பென்சில் வரி:
'வியாழன், காலை ஏழு பத்து, கடல் வற்றம்.
மூன்று நாள் மழை.
படகுத்துறையில் கடற்சிங்கங்கள் தூங்குகின்றன.
நீரைக் கொஞ்சம் நாக்கில் வைத்தேன்
(வைக்கக்கூடாது, தெரியும்).
அவ்வளவாகக் கரிக்கவில்லை.'

எலியெசெரின் கேன் ஓதம் ஏறிய மதியத்து நீர்.
ஆறு ஒன்றுதான்,
உள்ளே வந்த கடல் வேறு.

சனிக்கிழமை யாருமில்லை.
பாட்டிலில் ஒரு சாண் மிச்சம் இருந்தது.
பியூரெட்டைத் தொட்டு எத்தனை வருடம்!
திருகு எனக்கும் இறுக்கம்தான்.
முதல் குடுவை செங்கல்.
யாரும் பார்க்காதபோதும் முகம் சுட்டது.
அடுத்தது 6.5.
இன்னொன்று செய்திருக்க வேண்டும்,
நீர் தீர்ந்துவிட்டது.

ஞாயிறு, ஆற்றோரச் சந்தை.
உருளைக்கிழங்கு நிறுத்தவள் என் விரலைப் பார்த்து
'வால்நட் உரித்தீர்களா?' என்றாள்.
அவள் விரலும் கறுப்பு.
'ஆறு' என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
சில்லறையை எண்ணி வைத்தாள்.

திங்களுக்கு முன் அறிக்கைகளைத் திரும்ப எடுத்தேன்.
என் சிவப்பை அடித்தேன்.
பக்கத்தில் 6.5 என்று எழுதினேன்,
தேதி போட்டேன்.
கையெழுத்துக்குப் பதிலாக
விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன்.

தாளில் ஒன்றும் பதியவில்லை.
கறை தோலுக்குள் போயிருந்தது.