தாளின் பின்பக்கம்

மார்ச் பதினொன்று, செவ்வாய்,
மாலை ஆறே கால், துணி அடுக்கும் அறை
என்று அடைக்கலமேரி எழுதிக் கொடுத்திருந்தாள்.
'கதவைச் சாத்தினார்' என்பது வரை நேராக வந்த கையெழுத்து
அடுத்த வரியில் கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது.

கானாடுகாத்தானில் எங்கள் ஹோட்டலுக்கு வருகிறவர்கள்
தரையைப் படம் எடுப்பார்கள்,
குனிந்து, சில நேரம் படுத்துக்கொண்டும்.
அந்தத் தரையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கிறவர்கள்
படத்தில் விழாமல் ஓரமாக நிற்க வேண்டும்.

அவள் வரவேற்பு மேசையில் இருந்தவள்.
புகார் கொடுத்த மறுவாரம் சலவைக்கு மாற்றினார்கள்.
'நிர்வாக வசதி கருதி' என்றது உத்தரவு.
டைப் அடித்தது நான்தான்.
அவள் தெருவின் பெயரைச் சொல்லி
'அங்கேருந்து வந்ததை முன்னால உட்கார வச்சதே தப்பு'
என்று அவர் சொன்னது உத்தரவில் இல்லை.
அதைக் கேட்டதும் நான்தான்.

எங்களுக்கும் ஒரு புகார்க் குழு உண்டு.
சமையல்கட்டுக்குப் போகும் வழியில் போர்டு தொங்குகிறது.
தலைவி, அவருடைய கொழுந்தியா.
இரண்டாவது பெயர் வேலையை விட்டுப் போய் மூன்று வருஷம்.
மூன்றாவது பெயர் என்னுடையது.
வயிரவன் என்பதை வைரவன் என்று எழுதியிருக்கிறார்கள்.
திருத்தச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் சிவகங்கைக்கு எழுதினாள்,
ஆட்சியர் அலுவலகத்துக் குழுவுக்கு.
அன்று சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டார்.
உட்காரச் சொன்னார்,
பதினாலு வருஷத்தில் முதல் தடவை.
டீ வந்தது. இரண்டு பிஸ்கட்டும்.
'செவ்வாக்கிழமை அந்தப் பிள்ளை லீவுதானே, வயிரவன்?'
என் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு நான் கேட்டிருந்த முன்பணச் சீட்டு
அவர் பேப்பர் வெயிட்டுக்குக் கீழே
காற்றில் ஒரு மூலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஒயிட்னர் காய இரண்டு நிமிஷம் ஆகும்.
ஊதினால் சீக்கிரம் காயும்.
ஊதினேன்.
அதன்மேல் 'வி' என்று போட்டேன்,
விடுப்பு.

விசாரணையன்று அவள் எதிர் நாற்காலியில்.
மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே பஸ் டிக்கெட்டுகள்கூட.
என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன், தெரியாது.
'ஆறே காலுக்கு நீங்க எங்கே இருந்தீங்க?'
'ஸ்டோரில், மேடம். சாமான் கணக்கு.'
'சத்தம் ஏதாவது?'
'கேக்கலை.'
ஸ்டோருக்கும் துணியறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு.
இந்தப் பக்கம் படியில் அரிசி அளந்தால்
அந்தப் பக்கம் எண்ணிச் சொல்லலாம்.

பதிவேட்டைக் கேட்டார்கள். கொடுத்தேன்.
குழுவில் ஒரு வக்கீலம்மா,
ஜலதோஷம், கையில் கசங்கிய கைக்குட்டை.
மார்ச் மாதப் பக்கத்தை அவர் படிக்கவில்லை.
திருப்பினார்.
பின்பக்க வெறும் தாளில் விரலை வைத்து
மெதுவாக இறக்கினார்,
மரவட்டை போகிற வேகத்தில்.

அடைக்கலமேரி அழுத்தி எழுதுகிறவள்.
'மெல்லப் போடு, தாள் கிழியுது' என்று
எத்தனையோ முறை நானே கடிந்திருக்கிறேன்.
அவள் சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்துவாள்.

விரல் நின்றது.
'இதை நீங்க தொட்டுப் பாருங்க.'

தொட்டேன்.
அ-வின் சுழி, இடம் வலம் மாறி.
அதன்பின் ஒரு கொக்கி, ஒரு கோடு,
புள்ளியின் இடத்தில் சின்ன மேடு.
என் 'வி' எங்கே என்று தடவினேன்.
நான் மெல்ல எழுதுகிறவன்.
தாளின் இந்தப் பக்கத்தில் நான் இல்லவே இல்லை.

யாரும் எதுவும் கேட்கவில்லை.
வக்கீலம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
ஸ்டெனோ விரல்களைத் தூக்கி வைத்திருந்தார்.
வெளியே கல்லல் வழிப் பஸ் இரண்டு தரம் ஹாரன் அடித்தது.
அதில்தான் நான் திரும்ப வேண்டும்.
போகட்டும்.

'முதல்லேர்ந்து சொல்லலாமா?'
குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.
'சொல்லுங்க. பேர்?'

வ, என்றேன்.
யி.
வை இல்லைங்க.