காயா பழமா

காலை ஏழரைக்கு முப்பத்தொரு வாய்கள்
என் திரையில் வரிசையாகத் திறக்கின்றன.
நாக்கைத் தூக்க வேண்டும்.
கன்னத்தின் உட்புறம் காட்ட வேண்டும்.
தண்ணீர் இறங்கும் ஓசை கேட்க வேண்டும்.
முன்பெல்லாம் பனியில் பஸ் பிடித்து
பெல்ட்ஸி மருத்துவமனைக்கு வந்து
என் மேசைமுன் நின்று விழுங்குவார்கள்.
இப்போது படம்பிடித்து அனுப்பினால் போதும்.

இருபது மாதம் இழுத்த காசநோய்ச் சிகிச்சை
ஆறே மாதமாகிவிட்டது. ஊசியும் இல்லை.
டாக்டர் ப்ருட்யானு இதைச் சொல்லும்போது
சம்பள உயர்வை அறிவிப்பவர் போல நிற்பார்.
எனக்கும் சந்தோஷம்தான்.
ஊசியால் காது போனவர்களிடம்
கத்திக் கத்தியே தொண்டை கட்டியவள் நான்.

ஸெனோவியா சமையலறையில் விழுங்குகிறாள்,
பின்னால் பால் பொங்கி வழிகிறது.
ஒரு பையன் கழிப்பறையில்;
அறைத்தோழர்களுக்கு இன்னும் தெரியாது.
ஹரலாம்பி வேனில்.
சளியில் கிருமி இல்லை என்று
ஆய்வகம் கையெழுத்துப் போட்ட மறுநாளே
பதினெட்டு இருக்கையோடு சாலைக்குத் திரும்பியவன்.

மாதம் ஒரு கண் பரிசோதனை உண்டு.
வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டை.
மே மாதம் அவன் வரவில்லை.
"அடுத்த வாரம், சிஸ்டர்" என்றான்.
நானும் பதிவேட்டில் அடுத்த வாரம் என்று எழுதினேன்.
இதை விட்டுவிட்டுச் சொன்னால்
மீதியைச் சொல்ல எனக்கு வாயில்லை.

ஜூன் பதினொன்று. நாற்பத்திரண்டு நொடிக் காணொளி.
மாத்திரை, தண்ணீர், நாக்கு, கன்னம்.
மென்பொருள் பச்சையில் ஒரு சரி போட்டது.
பச்சைப் பொய் என்று சொல்ல முடியாது,
விழுங்கினான், அது உண்மை.
அடுத்த வாய்க்கு நான் போயிருக்கலாம்.

முப்பத்தாறாவது நொடியில்
சன்னலுக்குள் நீண்ட கிளையைப் பிடித்து இழுத்து
"பாருங்க, செர்ரி இன்னும் காயாவே இருக்கு" என்கிறான்.

கிளை முழுக்க ரத்தச் சிவப்பு.
பழுத்து, வெடித்து, குருவி கொத்தின பழங்கள்.

திரையில்தான் கோளாறோ என்று
மாத்திரைப் பெட்டியின் சிவப்புப் பட்டையைப்
பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன்.
என் சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

அழைத்தேன். எடுக்கவில்லை.
ஓட்டும்போது எடுக்காதே என்று சொன்னவளே நான்.
எடுக்கவில்லை என்றால்
ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

ஒர்ஹேய் வரை எத்தனை சிக்னல் என்று
அன்றுதான் விரல் விட்டு எண்ணினேன்.

பிறகு ஒப்புக்கொண்டான்.
மூன்று வாரமாக, முன்னால் போகிற வண்டி
நின்றால் நின்று, போனால் போய்.
"மேலே எரிஞ்சா நில்லு, கீழே எரிஞ்சா போ.
இதுக்கு நிறம் எதுக்கு?"
எனக்குக் கோபம் வந்தது.
அந்தக் கோபத்தில் பாதி
பதிவேட்டிலிருந்த என் கையெழுத்தின் மேல்.

லினசோலிட்டை நிறுத்தினோம்.
காரணம் என்ற கட்டத்தில்
பார்வை நரம்பு என்று எழுதினார் டாக்டர்.
செர்ரிக்குக் கட்டம் இல்லை.
பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார்.
நிறமா, பார்வையா என்று ஹரலாம்பி கேட்கவில்லை.
"பெரும்பாலும்னா எவ்வளவு?" என்றான்.

வேன் சாவி இப்போது மனைவி எஃப்ரோசினியாவிடம்.
அவன் பக்கத்து இருக்கையில் காசு வாங்குகிறான்.
நோட்டின் நிறத்தை நம்புவதில்லை,
எண்ணைத் தடவிப் படிக்கிறான்.
மிச்ச மருந்துகளை விழுங்கி முடித்ததும் தினமும்
ஏதாவது ஒன்றைக் காமிராவுக்கு நேரே நீட்டுவான்:
பாட்டில் மூடி, சாக்ஸ், யாரோ மறந்துபோன குடை.
நிறத்தைச் சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திருப்பான்.
ஆமாம், இல்லை என்று குறுஞ்செய்தி அனுப்புவேன்.
ஆமாம் கூடிக்கொண்டு வருகிறது.
குடையை மட்டும் மூன்று முறை தவறாகச் சொன்னான்.

நேற்று ஒரு பிளம்.
ஒரு கன்னம் பச்சை, மறு கன்னம் ஊதா.
நெடுநேரம் பார்த்தான்.
"செங்காய்" என்றான்.

கண்ணால் சொன்னானா,
கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச் சொன்னானா,
காணொளி அதற்குள் முடிந்துவிட்டது.
முப்பத்தொன்றில் இது பத்தொன்பதாவது.