டர்போ வேண்டுமென்றால்

ஐந்து ரோட்டு ஷோரூமில்
ஏசிக் குளிரில் நின்று ரவூப் கேட்கிறான்:
சிட்டிக்குள்ளதானே ஓட்டுவீங்க மேடம்?

இல்லை தம்பி.
செவ்வாயும் வெள்ளியும் மலையேறுகிறேன்.
டிக்கியில் மடக்கு நாற்காலி, சின்ன கம்ப்ரஸர்,
மரப்பு ஊசி மருந்து ஒரு பெட்டி.
கொட்டச்சேட்டுப் பள்ளிக்கூட வராந்தாவில்
வெற்றிலைபாக்கில் ஈறு கரைந்தவர்கள்
பத்து மணிக்கே வரிசையில் இருப்பார்கள்.

அவன் எழுதிக்கொள்கிறான்:
குடும்ப உபயோகம்.

பழையது டீசல். ஒன்பது வருஷத்தில்
இரண்டு கிளட்ச் தின்றது.
கோபக்காரன், ஆனால் ஏறுவான்.
இந்த மாடலில் இனி டீசலே கிடையாதாம்.
இருப்பது இரண்டு பெட்ரோல்.
ஒன்று சாது. நாலு சிலிண்டர், சத்தமில்லை,
லிட்டருக்கு இருபது என்கிறது தாள்.
தாளுக்கு ஏது மேடு.
மற்றது டர்போ. மூன்றே சிலிண்டர்.
கொஞ்சம் தயங்கி, பிறகு
வர வேண்டிய கடன் ஞாபகம் வந்தவன்போல
எழுந்து தள்ளும்.

டார்க் என்றால் என்னவென்று
விளக்க ஆரம்பிக்கிறான் ரவூப்.
வேண்டாம்பா.
ஞானப்பல் பிடுங்குகிறவளுக்குத் தெரியும் அது.
வேகம் அல்ல, முரட்டு இழுப்பும் அல்ல.
அசைய மறுக்கும் ஒன்றை
மெல்லத் திருகி, திருகி,
எலும்பு விட்டுக்கொடுக்கும் வரை
மணிக்கட்டு தளராமல் இருப்பது.
பதினான்காவது கொண்டை ஊசியில்
இறங்கும் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று
மறுபடி கிளம்பும்போது
அங்கே வேண்டும் எனக்கு அந்த மணிக்கட்டு.

செங்கோடன் இதற்குள்
உள்ளே உட்கார்ந்து
கூரையைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார்.
ஷோரூம் ட்யூப்லைட் வருகிறது, போகிறது.
சேலத்து வெயிலுக்குக் கூரையில எதுக்குங்க ஓட்டை?
ஏற்காட்டுல திறக்கலாம்ல.
ஏற்காட்டுல மழை.
சும்மா இருக்கட்டுமே.
இருபத்தோரு வருஷமாய்
இவர் சும்மா இருக்கட்டுமே என்று வாங்கியவை
பரணில் தனிக்குடித்தனம் நடத்துகின்றன.

நான் கேட்டது கொஞ்சம்தான்.
டர்போ. கையால் போடும் கியர். நடு ரகம்.
வியர்த்தால் ஒட்டாத துணி சீட்.
ஏற்றத்தில் பிரேக்கை விட்டாலும்
பின்னால் நழுவாமல் இரண்டு நொடி பிடிக்கும் வசதி.
பனிக்குப் பின்கண்ணாடியில் ஒரு வைப்பர்.

ரவூப் டேப்லெட்டைத் தடவுகிறான்,
பிடரியைச் சொறிகிறான், மேனேஜரைக் கூப்பிடுகிறான்.
மேனேஜர் வந்து சிரிக்கிறார்.
எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகு
நோயாளியிடம் நான் சிரிக்கும் அதே சிரிப்பு.
நடு ரகத்துல டர்போ வராதுங்க.
டர்போ வேணும்னா மேல் ரகம்.
மேல் ரகம்னா கூரை திறக்கும்.
அதை மட்டும் விட்டுட்டுத் தர முடியாதுங்களா?
சேர்ந்துதாங்க வரும்.

நான் செங்கோடனைப் பார்த்தேன்.
அவர் டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
சாமி வரம் கொடுத்ததை
வெளியே காட்டிக்கொள்ளாத முகத்தோடு.

தவணையில் மாதம் இரண்டாயிரத்து நானூறு கூட.
ஒரு வேர் சிகிச்சைகூட ஆகாது. சரி.

நிறம்?
நீலம் என்றார் அவர். சாம்பல் என்றேன் நான்.
அன்றைக்கு முதல்முறையாக ரவூப்
விற்பனையை மறந்து பேசினான்:
வெள்ளைக்கல் லாரி பின்னாடி போனா
கருப்பூர் தாண்டுறதுக்குள்ள
எந்தக் கலரும் வெள்ளைதான் மேடம்.
நீலமே எழுதச் சொன்னேன்.

பதினோரு வாரம் காத்திருக்க வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை பழைய கோபக்காரனில்
வழக்கம்போல ஏறினேன்.
வராந்தாவில் மூன்றாவது ஆள்
மிளகுத் தோட்டத்துச் சடையன்.
கீழ்வரிசை, இடது கடைசி. ஊசி போட்டாயிற்று.
இன்னும் கொஞ்சம் திறங்க, என்றேன்.
திறந்தார்.
இன்னும்.
பொத்தானை அழுத்தியதுபோல
மெதுவாக, முழுசாகத் திறந்துகொண்டே போனது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கையில் குறடோடு சிரிக்கிற டாக்டரைப் பார்த்ததும்
சடையன்
வாயை மூடிக்கொண்டார்.