சில்லறை பாக்கி

வில்லாபுரத்தில்
வாடகைப் பாத்திரக் கடைக்கு மேலே
ஒன்பதுக்குப் பன்னிரண்டு அறை.
கீழே அண்டா உருளும்போதெல்லாம்
மேசைமேல் திரை நடுங்கும்.
மூன்று வருடம் இங்கிருந்துதான்
ஒரு டவுன் பஸ் ஓட்டினோம்.

பெரியாரில் எடுத்தால் திருமங்கலம்.
ஆடுகிறவர் கண்டக்டர்.
கூட்டத்துக்குள் நுழைந்து டிக்கெட் கிழித்து
மீதிச் சில்லறை கொடுக்க வேண்டும்,
அவ்வளவுதான் விளையாட்டு.
சில்லறை இல்லையென்றால்
டிக்கெட் முதுகில் எழுதித் தரலாம்:
பாக்கி ஏழு ரூபாய்.
இறங்குவதற்குள் கொடுக்காவிட்டால்
அந்த முகம் அடுத்த டிரிப்பிலும் ஏறும்.
ஒன்றும் கேட்காது. பார்க்கும்.

விற்றது நூற்று நாற்பத்தாறு பிரதி.
“காசெல்லாம் போதும், தெறந்து விட்ருவோம்”
என்றான் முத்திருளன்.
யாரும் எடுக்கலாம், பிரிக்கலாம், மாற்றலாம்.
மாற்றியதையும் அதேபோல்
திறந்து வைக்க வேண்டும்.
அவனுக்குப் பிடித்த உரிமம் அது.
எனக்கும் பிடிக்கும்,
ஏழாவது பக்கம் வரை.
இதனோடு ஒட்டியிருப்பதையும் சேர்த்துக் கொடு
என்கிறது அங்கே.

ஒட்டியிருப்பது என்ஜின்.
எங்களுடையது இல்லை.
உள்ளே எட்டிப் பார்க்க மாட்டோம் என்று
படிக்காமலே சம்மதித்து
மாத வாடகை கட்டுகிற பெட்டி.
பஸ் சாய்வது, நிழல் விழுவது,
படிக்கட்டில் தொங்குகிறவனின் சட்டை படபடப்பது
எல்லாம் அதன் கைவேலை.
மழையைக்கூட
ஒரு கடையில்தான் வாங்கினோம்,
நானூற்றுத் தொண்ணூறு ரூபாய்,
வேறு யாருக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாது
என்ற நிபந்தனையோடு.

அப்படியானால் எங்களுடையது எது?
முத்திருளன் கோப்பு கோப்பாகத் திறந்து
தேடிக்கொண்டிருந்தபோது
கீழே சத்தம்.
அவனியாபுரத்துக் கிடாவெட்டில்
மிஞ்சிய குழம்பை
அண்டாவோடு சம்பந்தி வீட்டுக்கு
அனுப்பிவிட்டார்களாம்.
கடைக்காரர் தவசி தெருவில் நின்று கத்துகிறார்:
“கொழம்பு ஒன்னுது, யாருக்கு வேணா ஊத்து.
அண்டாவுல எம்பேரு வெட்டிருக்குல்ல?”

நாங்கள் சிரிக்கவில்லை.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
முழுச் சண்டையும் கேட்டோம்.

அன்றிரவு உரிமத்தின் அடியில்
நாலு வரி விலக்கு எழுதினோம்.
இந்த நிரலை அந்த என்ஜினோடு சேர்த்துப் பரப்பலாம்,
என்ஜினுக்கு இந்த விதி பொருந்தாது.
மூன்று முறை அடித்துத் திருத்தினேன்.
அப்புறம்தான் உறைத்தது:
விலக்கு கொடுக்க
எழுதிய எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.
ஆறு மாதம் உட்கார்ந்து
பயணிகளை எழுதியவள் ஜெனோவா.
பார்க்கிற அந்த முகம்
அவள் கணக்குப் போட்டது.
ஓசூருக்குப் போய் ஒரு வருடமாகிறது.
நாங்கள் கூப்பிடவில்லை.
காரணம் எட்டாயிரம் ரூபாய்.

நான்தான் கூப்பிட்டேன்.
விலக்கு, என்ஜின், திறந்த உரிமம்
எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன்.
“தாராளமா குடுங்க” என்றாள்.
பின்னால் ஏதோ குக்கர் விசில்.
“அந்த எட்டாயிரத்த
எங்கிட்டாவது எழுதி வச்சிருக்கியா?”

அவள் சம்மதத்தை அப்படியே
கோப்பில் சேர்த்தோம், தேதியோடு.
மழை என்ற அடைவைக் காலி செய்து
உள்ளே ஒரு குறிப்பு வைத்தோம்:
இங்கே இருந்தது வாங்கியது,
தர இயலாது, உங்கள் மழையைப் போடுங்கள்.

பதினோரு நாள் ஒன்றுமில்லை.
பன்னிரண்டாம் நாள்
மேலூரிலிருந்து யாரோ அனுப்பியிருந்தார்கள்,
தகரக் கூரையில் பெய்த
நாற்பது விநாடி.
நடுவில் ஒரு நாய் குரைக்கிறது.
வெட்டிவிடலாம் என்றான் முத்திருளன்.
நான் விடவில்லை.
இப்போது கப்பலூர் தாண்டும்போதெல்லாம்
பஸ்ஸில் மழை பெய்கிறது, நாய் குரைக்கிறது,
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜெனோவாவுக்கு மூவாயிரம் அனுப்பினோம்.
மீதி ஐயாயிரம்
எந்தக் கோப்பிலும் இல்லை.