எண்பத்தெட்டு பாகைக்கு அப்பால்

பாளையங்கோட்டை, ஹைகிரவுண்ட் பக்கம் ஒரு மாடியறை.
மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
வானத்தைத் தட்டையாக்கிக்கொண்டிருக்கிறேன்.

முப்பத்துமூன்று அடுக்கு.
ஒன்றின்மேல் ஒன்றாக, மடிப்புக் கலையாத
ஜவுளிக்கடை வேட்டிகள் போல.
கீழடுக்கில் தூசும் உப்பும்,
மேலே ஓசோன், அதற்கும் மேலே
நான் கவலைப்படாத கருப்பு.
பூமி உருண்டை என்று தெரியும்.
தட்டையென்று வைத்துக்கொண்டால் கணக்கு
நாலு நிமிஷத்தில் முடிகிறது.

உச்சிவேளைக்கு அது பொய்யே இல்லை.
கயத்தாற்றுக் கரிசலில் நடுப்பகலில்
வெயில் ஒரே ஒரு காற்றளவைத் தாண்டி
நேரே தலையில் இறங்கும்.
அறுபது பாகை சாய்ந்தால் இரண்டு.
எழுபதில் ஏறத்தாழ மூன்று.
எண்பத்தைந்தில் என் கணக்கு பதினொன்றரை,
மெய்யான காற்று பத்தும் சொச்சமும்.
அந்த வித்தியாசத்தை யார் கேட்கப்போகிறார்கள்?

எப்சிபா கேட்டாள்.
உவரிக் கரையில், ஏலக்கூடத்து மொட்டைமாடியில்
எங்கள் கதிர்மானியைப் பார்த்துக்கொள்கிறவள்.
பல் துலக்கும்முன் போன்:
"சார், உங்க தாள்ல சூரியன் இன்னும் பொறக்கவே இல்ல.
இங்க மீட்டர்ல பன்னெண்டு வாட் வந்துட்டு.
நான் எதை எழுதட்டும்?"

தட்டை வானத்தில்
அடிவானத்துச் சூரியன் பக்கவாட்டில் நுழைந்தால்
வெளியே வர வழியில்லை.
காற்று, காற்று, மேலும் காற்று.
முடிவிலி என்று எழுதிவிட்டு
வெளிச்சத்தைச் சுழியாக்கிவிடுகிறது கணினி.
உருண்டையில் அப்படியல்ல.
வளைந்து விலகிப்போகும் தரை
வானத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது.
முப்பத்தெட்டு காற்றளவு, அவ்வளவுதான்.
சிவப்பாவது தப்பி வரும்.

மேலாளர் சிதம்பரநயினார் சிரித்தார்.
"பன்னெண்டு வாட்ல பல்பு எரியுமாவே? விடும்."

விடவில்லை.
முழு உருண்டையாக எழுதிப் பார்த்தேன்.
ஒன்பது மணி நேரம் ஓடி, சூடாகி, நின்றது.
பிறகு ஓர் ஒப்பந்தம்:
நேரே வரும் கதிருக்கு மட்டும் வளைந்த வானம்,
அது சிதறியபின் பழைய வேட்டி அடுக்கு.
பாதி உண்மை. பதினோரு நிமிஷம்.
உவரிக்கு ஒன்பது வாட் கிடைத்தது.
மிச்சம் மூன்று
நான் இன்னும் மடித்தே வைத்திருக்கும் சிதறலில் எங்கோ.

அதே கணக்கைக் களக்காட்டு மாலைக்கு ஓட்டினேன்.
அங்கே பிழை பெரிது.
அரைமணி முன்பே வெயில்
அறுந்து விழுந்திருந்தது.
பூமியின் வளைவை ராத்திரியெல்லாம் தேடியவன்
மேற்கே நிற்கிற மலையை
எழுத மறந்திருந்தேன்.

மறுநாள் இருட்டிலேயே பஸ் பிடித்து உவரி போனேன்.
எப்சிபா ஏணியில் ஏறி
கதிர்மானியின் கண்ணாடி மூடியைப்
பழைய பனியன் துணியால் துடைத்தாள்.
கடலுப்பு, ஒரு ராத்திரிப் படிவு.
அரைக்கோளம். அவள் உள்ளங்கைக்கு
அடங்குகிற அளவு.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்,
கெழக்க மறைக்கீங்க."

நகர்ந்தேன்.
ஒன்று.
ஒன்றரை.
இரண்டு.