பெயர்ப்பலகை உரிந்தது

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது,
இல்லாவிட்டால் தையல்நாயகி நேராக மன்னார்குடி போயிருப்பாள்.
மொபெட்டில் கால்வைக்கும் இடத்தில்
உரச்சாக்கில் சுற்றிய கனம்.
"இது என்ன சாமான்னு பார்த்துச் சொல்லுங்க."

காயலான் கடையில் எடைக்கு வாங்கியதாம்.
பலகை இருந்த இடத்தில்
இரண்டு ரிவிட் துளை, கொஞ்சம் பசை.
எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எந்த ஊர்,
கேட்டால் சொல்ல ஆளில்லை.
நான்கு கம்பி மட்டும்:
தடித்த சிவப்பு, தடித்த கருப்பு,
மெலிந்த நீலம் இரண்டு.

தெரியாத மோட்டாருக்கு
எடுத்தவுடன் கரண்ட் கொடுப்பதில்லை.
கையால் அச்சைச் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது.
தடித்த இரண்டின் செம்பையும் முறுக்கிச் சேர்த்துவிட்டுச் சுற்றினேன்.
சேற்றில் வைத்த கால் மாதிரி
இழுத்துப் பிடித்தது.
"உள்ள காந்தம் இருக்கு. டிசி."
அவளும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு
நம்பினாள்.

பிறகு மீட்டர்.
நீலத்துக்கும் நீலத்துக்கும் சுழியம்.
சிவப்போடு ஒட்டில்லை, உடம்போடும் இல்லை.
"அப்ப வேண்டாத கம்பி. வெட்டிடுங்க."
வெட்டக்கூடாதும்மா,
அது காய்ச்சல் பார்க்கிற கம்பி.
கொதித்தால் உள்ளுக்குள் விட்டுக்கொள்ளும்,
ஆறினால் தானே வந்து சேரும்.
எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு,
அதைச் சொல்லவில்லை.

மீட்டரைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம்.
கொள்முதல் நிலையத்திலும் ஒன்று வைத்திருக்கிறார்கள்.
ஒரு பிடி சம்பாவைப் போட்டதும்
பத்தொன்பதரை என்றதாம்.
பதினேழுக்கு மேல் எடுக்கமாட்டார்கள்.
நான்கு நாளாகப் பகலில் காய்வதை
ராத்திரி பனி வந்து நனைக்கிறது.
"விடிய விடியக் காத்து வேணும். அவ்வளவுதான்."

டிராக்டர் பேட்டரியில் தொட்டேன்.
யோசித்து யோசித்துச் சுற்றியது.
பன்னிரண்டு வோல்ட் இதன் கடைவாய்க்குக் காணாது.
வீட்டுக் கரண்டை பிரிட்ஜில் விட்டு டிசியாக்கி
வழியில் ஒரு நூறு வாட் பல்பை நிறுத்தினேன்,
நான் தப்பென்றால் அது எரிந்துகொள்ளட்டும்.
ஸ்விட்ச்.
பல்பு பளிச்சென்று முறைத்து
மங்கிப்போனது.
சுற்றுகிறது!

விசிறியை மாட்டினால் காற்று பின்பக்கம்.
சிவப்பையும் கருப்பையும் மாற்றினேன்,
முன்பக்கம் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.
அணைத்துப் பார்த்தால்
சக்கரம் அரை அங்குலம் வெளியே வந்திருக்கிறது.
மரையில் ஏற்றிய சக்கரம்.
பழைய வேலையில் சுற்றிய பக்கம் இறுகும்,
மறுபக்கம் கழலும்.
இப்போது புரிந்தது,
யாரோ நின்ற இடத்திலேயே ஓடிய டிரெட்மில்.

கம்பியைப் பழையபடி மாற்றிவிட்டு
வெல்டு வைப்பதா, ஆணி அறைவதா என்று
நான் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தபோது
அவள் சாக்கை உதறி மடித்தாள்.
"காத்து அந்தப் பக்கந்தான் வரும்னா
நெல்ல அந்தப் பக்கம் கொட்டிக்கிறேன்."

முந்நூறு கொடுத்தாள்.
கேட் எப்போதோ திறந்து
மறுபடி மூடியிருந்தது.